பொட்டலத்தோடு பிடிபட்ட பையனுக்குச் சிறையா, சிகிச்சையா?

மஞ்சக்குப்பம் மாணிக்கம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் ஸ்கூட்டர் இருக்கைகளைத் தூக்கிப் பார்த்தே முதுகு வளைந்தது. டீக்கடையில் எழுந்த ஒரு வாக்குவாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். அங்கே யாரும் யாரையும் பேசவிடவில்லை.

விற்பவனைப் பற்றிய கேள்வி அல்ல இது. அவனைப் பிடிக்கத்தான் வேண்டும். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கஞ்சா வைத்திருந்த இருபது வயதுப் பையனைக் கேப்பர் மலைச் சிறைக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

கடலூர்க்காரனுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் அதிசயம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிச் சற்று தூரம் போனால் முள்ளோடை. புதுச்சேரி அரசு ஏலம் விடும் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அந்தப் பக்கத்தில் திறந்திருக்கும். அங்கே உட்கார்ந்து குடிப்பவன் வாடிக்கையாளர். அதே சாராயத்தைப் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினால் எங்களிடம் குற்றவாளி. கள் கொண்டுவந்தாலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தத் தடுப்பு யாருடைய கல்லீரலைக் காப்பாற்ற? வரியைக் காப்பாற்றத்தான். 2020 மே மாதம் புதுச்சேரியில் கொரோனா வரி போட்டு மது விலையைத் தமிழ்நாட்டு விலையோடு சமமாக்கினார்கள். விலை ஒன்றானதும் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு வர யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. மறு ஆண்டு ஏப்ரலில் அந்த வரியை எடுத்தார்கள், பழைய கூட்டம் பழையபடி வந்தது.

கஞ்சா இரண்டு பக்கமும் குற்றம். ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ என்று தொடங்கி, வியாபாரிகளின் வங்கிக் கணக்குகளையும் முடக்கியது. அது சரியான இடத்தில் விழுந்த அடி. ஆனால் இத்தனை வழக்கு காட்டியாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி வரும் நாளில், நிலையத்துக்குச் சுலபமாகக் கிடைப்பவன் வியாபாரி அல்ல. ஆற்றங்கரையில் புகைத்துக்கொண்டிருக்கும் பையன்தான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

நெல்லிக்குப்பம் கரும்பு

கொரோனா காலத்தில் பாட்டில் கடத்தல் குறைந்ததற்கு விலைதான் காரணமா? எல்லையையே மூடி இ-பாஸ் கேட்டார்களே ஐயா!

மஞ்சக்குப்பம் மாணிக்கம்

ஊரடங்கு தளர்ந்த பிறகும் பல மாதங்கள் அந்த வரி இருந்தது. அந்த மாதங்களைத்தான் சொல்கிறேன்.

லாஸ்பேட்டை டீச்சர்

ஐயா, நீங்கள் சாவடியில் நின்று பார்த்தீர்கள். நான் வகுப்பறையில் நின்று பார்க்கிறேன். சட்டம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும், பயன்படுத்துபவனுக்கும் சேர்த்து.

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டைப் பகுதியில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரி எப்படி இருந்தது என்பதை அக்கரையில் இருக்கும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்த பெற்றோர் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். கோபத்தில் ஒரு பாதி குற்றம் சாட்டப்பட்டவர்கள் மேல் என்றால், மறு பாதி கஞ்சா மேல். அந்தக் கூட்டத்தின் முன்னால் போய் ‘புகைப்பவனை விட்டுவிடலாம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, இதைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. பதினாறு வயதுப் பையனிடம் நண்பன் ஒன்றை நீட்டுகிறான். ‘உடம்புக்குக் கெடுதல்’ என்று மறுத்தால் சிரிப்பார்கள். ‘அம்மா திட்டுவாள்’ என்றால் இன்னும் சிரிப்பார்கள். ‘மாட்டினால் வழக்கு, பாஸ்போர்ட் கிடைக்காது, போலீஸ் வேலைக்கு எழுத முடியாது’ என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. மானம் போகாமல் மறுக்க அவனுக்குக் கிடைத்திருக்கும் ஒரே காரணம் இந்தச் சட்டம். அதையும் பிடுங்கிவிட்டு அவன் கையில் என்ன கொடுப்பீர்கள்? விழிப்புணர்வுப் பேரணியில் ஒரு பதாகையா?

கச்சேரி வழக்குரைஞர்

டீச்சர் சொல்லும் இரண்டாவது விஷயம் கனமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்றுத் தெளிவாக வைக்கிறேன். டீக்கடையில் ‘கஞ்சா என்றாலே பத்து வருஷம்’ என்று பேசுவார்கள்; அப்படி இல்லை.

1985ஆம் ஆண்டின் போதைப் பொருட்கள், மனமயக்கப் பொருட்கள் சட்டம் அளவை வைத்துத் தண்டனை தருகிறது. இந்தப் படிநிலை 2001 திருத்தத்தில் வந்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை, இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை, வணிக அளவுக்குக் குறைந்தது பத்து, அதிகபட்சம் இருபது. ஹெராயினுக்கு இதே கோடுகள் 5 கிராமிலும் 250 கிராமிலும் விழுகின்றன. வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவு வந்து பிணையை அடைத்துவிடும்: ‘இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயம் இருக்கிறது’ என்று நீதிபதியே முதலில் திருப்தி அடைய வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே அந்தத் திருப்தி எங்கிருந்து வரும்? அப்படி ஏழாண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே கிடந்த ஒருவருக்கு 2023இல் உச்ச நீதிமன்றம்தான் பிணை கொடுத்தது.

அளவை எப்படி எடை போடுவது என்பதிலும் சிக்கல் உண்டு. 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. 260 கிராம் பொடியில் ஹெராயின் ஒரு சிட்டிகைதான் இருந்தாலும் அது வணிக அளவு.

இனி பயன்படுத்துபவன். 27ஆம் பிரிவு: ஹெராயின், கொக்கைன், மார்ஃபின் என்றால் ஓராண்டு வரை, கஞ்சா உள்ளிட்ட மற்றவைக்கு ஆறு மாதம் வரை, அல்லது அபராதம். ஒரே பொட்டலத்தை ‘வைத்திருந்தான்’ என்று 20ஆம் பிரிவிலும் எழுதலாம், ‘பயன்படுத்தினான்’ என்று 27இலும் எழுதலாம். எது என்பது முதல் தகவல் அறிக்கை எழுதுபவரின் பேனாவில் இருக்கிறது. பையனின் வீட்டார் யார், என்ன வசதி என்பது அந்தப் பேனாவைத் தொடாமல் இருப்பதில்லை.

இதே சட்டத்தில் சிகிச்சைக்கான வழியும் இருக்கிறது. 64ஏ பிரிவு. சிறு அளவோடு பிடிபட்ட, அல்லது 27இன் கீழ் வரும் அடிமையானவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் ஓடிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 39ஆம் பிரிவில், குற்றவாளி என்று முடிவான பிறகும் நீதிமன்றம் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம். நான் சந்தித்த பெற்றோரில் இவற்றைக் கேள்விப்பட்டே வந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆக, மாணிக்கம் ஐயாவின் கேள்விக்கு என் பதில்: புதுச் சட்டம் கேட்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தின் அந்தப் பாதியையும் திறந்து நடத்துங்கள் என்றாலே போதும்.

சில்வர் பீச் காற்று

நான் உங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவன், அதனால் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த விவாதமே பாசாங்கு.

2023-24இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாட்டு அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் செத்தவர்கள், மனைவியை அடித்தவர்கள், கூலியைக் கடையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள், இவர்கள் யாரும் கஞ்சாவால் அப்படி ஆகவில்லை. 2019இல் வந்த மத்திய சமூக நீதித் துறையின் ஆய்வு, நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர் மது அருந்துகிறார்கள், கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம் என்கிறது. பெரிய தீமைக்கு அரசு கல்லா போட்டு உட்கார்ந்திருக்கிறது. சின்னதற்குச் சிறை.

வட இந்தியாவில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் கடைக்கு அரசு உரிமமே கொடுக்கிறது. சட்டம் சொல்லும் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிதான். தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. ஒரே செடி, இலை என்றால் பண்டிகை, பூ என்றால் குற்றம்!

கனடா 2018இல் அனுமதித்தது. ஜெர்மனி 2024இல். நாம் மட்டும் ஏன் பயப்படுகிறோம்?

லாஸ்பேட்டை டீச்சர்

தம்பி, தாய்லாந்தை விட்டுவிட்டீர்களே. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், தெருவுக்குத் தெரு கடை வந்தது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்தார்கள். மூன்று வருஷம்தான் தாங்கியது.

டாஸ்மாக் தீமை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது டாஸ்மாக் எதற்கு?

சில்வர் பீச் காற்று

கடை திறக்கச் சொல்லவில்லை அக்கா. சிறை வேண்டாம் என்கிறேன்.

லாஸ்பேட்டை டீச்சர்

கனடாவில் கடைதான் திறந்தார்கள். உதாரணம் கொடுத்தது நீங்கள்.

கோரிமேடு செவிலி

நான் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் கஞ்சாவைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் கட்டிலுக்கு வருவது வேறு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால். மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது முதலில் கண் நரம்பைத் தின்னும். ‘கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகத் தெரிகிறது’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆரம்பத்திலேயே வந்தால் மாற்று மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்திகரிக்கலாம். ஆனால் கள்ளச்சாராயம் குடித்தது தெரிந்தால் போலீஸ் வரும் என்று பயந்து, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக் கிடப்பார்கள். கருணாபுரத்துக்குப் பிறகு சாவு நேர்ந்தால் ஆயுள் சிறை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். காய்ச்சுபவனுக்கு அது தேவைதான். ஆனால் குடித்தவனின் அந்தப் பயத்துக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது இளம் பையன்களிடம் அதிகம் பார்ப்பது வலி மாத்திரை. பொடித்து, தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரை என்பது மருந்து மட்டும் அல்ல. அதைக் கட்டியாக்க மாவும் டால்க்கும் சேர்த்திருப்பார்கள். அதெல்லாம் நரம்புக்குள் போகிறது. கை வீங்கி, சீழ் பிடித்து, சிலருக்குக் கை கறுத்தே போய் வருவார்கள். ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்திருந்தால் கல்லீரல் அழற்சி சி, எச்ஐவி. டிரமடால் என்ற வலி மருந்தை 2018 ஏப்ரலில் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது கிடைப்பது கடினமானதும் டேபென்டடால் என்ற இன்னொரு வலி மருந்துப் பக்கம் போனார்கள். ஒரு மாத்திரையைத் தடுத்தால் அடுத்தது வருகிறது; அடுத்தது பெரும்பாலும் இன்னும் மோசமாக இருக்கிறது. கஞ்சாவை மும்முரமாகப் பிடிக்கும் காலத்தில் வாசனை இல்லாத மாத்திரைக்குத் தாவிய பையன்களை எனக்குத் தெரியும். வாயை முகர்ந்து பார்த்தால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது அல்லவா?

சில்வர் பீச் தம்பிக்கும் ஒன்று: கஞ்சா சாதாரணம் என்று எழுதாதீர்கள். பதினைந்து, பதினாறு வயதில் தொடங்கித் தினமும் புகைத்தவர்களில் சிலர், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், சுவரில் குரல் கேட்கிறது என்று மனநலப் பிரிவுக்கு வருகிறார்கள். குடும்பத்தில் மனநோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

சிறையா சிகிச்சையா என்றால், வீங்கிய கையோடு வருபவன் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை. என்ன ஏற்றினான், எப்போது ஏற்றினான் என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் வைத்தியம் பார்க்கிறோம்.

நெல்லிக்குப்பம் கரும்பு

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாக விற்பவனுக்கு என்ன தண்டனை? அவனைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

செராங்கூன் சிதம்பரத்தான்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் சிதம்பரம். இங்கே 15 கிராம் ஹெராயின் அல்லது 500 கிராம் கஞ்சாவுக்கு மேல் கடத்தினால் தூக்கு. உட்கொண்டதற்கே பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம். விளைவு? இரவு இரண்டு மணிக்கு என் மனைவி தனியாக வேலை முடிந்து நடந்து வருகிறாள். பூங்காவில் ஊசி கிடப்பதில்லை. கடுமை வேலை செய்யாது என்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

கச்சேரி வழக்குரைஞர்

சிதம்பரம் அண்ணா, அதே சிங்கப்பூர் முதல்முறை பிடிபடும் பயனாளியைப் பெரும்பாலும் மறுவாழ்வு மையத்துக்குத்தான் அனுப்புகிறது. அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கஞ்சா கடத்தச் சதி செய்ததாக ஒரு தமிழரைத் தூக்கிலிட்டார்கள். கஞ்சா அவர் கையிலிருந்து பிடிபடவில்லை. தொலைபேசி எண்களை வைத்து அவரை வழக்கில் இணைத்தார்கள். நம் நாட்டில் அந்த எடை சிறு அளவின் கோட்டைச் சற்றே தாண்டியது.

செராங்கூன் சிதம்பரத்தான்

அந்த வழக்கைப் பற்றி இங்கேயும் தமிழர்களிடையே வருத்தம் உண்டு. மறுக்கவில்லை. ஆனாலும் என் பிள்ளைகள் இங்கே வளர்வதில் எனக்கு நிம்மதி. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் மாணிக்கம்

சிங்கப்பூர் ஒரு தீவு. நுழையும் வழிகளை விரல்விட்டு எண்ணலாம். எங்கள் சரகத்தை வரைபடத்தில் பாருங்கள்: பாகூர்ப் பக்கம் ஒரு வயல் தமிழ்நாடு, அடுத்த வயல் புதுச்சேரி. வரப்பில் நடந்து மாநிலம் மாறுகிறார்கள். சாவடி இருப்பது தார்ச்சாலையில். அங்கே மாட்டுவது யார் தெரியுமா? வழி தெரியாத வெளியூர்க்காரன், அல்லது கூலிக்குப் பை தூக்குபவன். பையில் இருப்பது யாருடையது என்று கேட்டால் ஒரு கைப்பேசி எண் கொடுப்பான், அது அணைந்திருக்கும். சிங்கப்பூரின் கடுமையைக் காகிதத்தில் வாங்கிவரலாம். அதன் எல்லையையும், அங்கே வழக்கு முடியும் வேகத்தையும் எங்கிருந்து வாங்குவது?

தமிழ்நாட்டில் 1982 முதல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் போதைப் பொருள் குற்றவாளிகளும் வருகிறார்கள். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அதைவிடக் கடுமை வேண்டுமா? கடுமைக்குப் பஞ்சம் இல்லை நம்மிடம். மூலத்தில் இருப்பவனை நெருங்கத்தான் ஆள் இல்லை.

வைசியாள் வீதி

சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், பழைய காகிதங்களில் ஆர்வம் உள்ளவன்.

போதையை அரசுகள் எப்போதும் பாவமாகப் பார்த்ததில்லை, வருமானமாகவே பார்த்தன. 1815இல் லண்டனில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், புதுச்சேரி உள்ளிட்ட இந்தியக் குடியேற்றங்களை வைத்திருந்த பிரான்சுக்கு ஆண்டுக்கு 300 பெட்டி வரை அபின் கொடுக்கச் சம்மதித்தார்கள். கஞ்சாவைப் பற்றி 1893–94இல் ஆங்கில அரசு ஒரு பெரிய ஆணையம் அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அளவாகப் பயன்படுத்துவதால் பெரிய கெடுதல் இல்லை, முழுத் தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போதும் என்று முடிவு சொன்னது. அவர்களுக்கு வரி வேண்டியிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு 1961இல் ஐ.நா. ஒப்பந்தம். கஞ்சாவின் மருத்துவமல்லாத பயன்பாட்டை நிறுத்த நமக்கு 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது. அது முடியும் தறுவாயில், 1985இல், அவசர அவசரமாக இந்தச் சட்டம் வந்தது. அதே ஐ.நா.வில் 2020 டிசம்பரில், மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா ‘எடுக்கலாம்’ என்றுதான் வாக்களித்தது. தில்லியில் ஒரு முகம், வாக்கெடுப்பு நடந்த வியன்னாவில் ஒரு முகம்.

லாஸ்பேட்டை டீச்சர்

வரலாறு சுவையாக இருக்கிறது. பள்ளிச் சுவருக்கு வெளியே நிற்பவனுக்கு 1893 தெரியாது.

வழக்குரைஞர் என் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை.

கச்சேரி வழக்குரைஞர்

வந்துவிட்டேன் டீச்சர். சட்டத்தின் மேல் உள்ள பயம் மறுப்பதற்கு ஒரு காரணம் தருகிறது என்றீர்கள். உண்மைதான். அந்தப் பயத்துக்குச் சிறைதான் வேண்டுமா என்பதில்தான் உங்களோடு வேறுபடுகிறேன்.

போர்ச்சுகலில் 2001 முதல் பத்து நாள் தேவைக்கு உட்பட்ட அளவு வைத்திருந்தால் குற்ற வழக்கு இல்லை. ஆனால் ‘சட்டப்படி சரி’ என்றும் ஆக்கவில்லை. பொருளைப் பறிமுதல் செய்வார்கள், ஒரு குழுவின் முன் நிற்க வேண்டும். சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் அதில் இருப்பார்கள். அபராதம் விதிக்கலாம், சிகிச்சைக்கு அனுப்பலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். விற்பவனுக்குச் சிறை அப்படியே இருக்கிறது. அங்கே ஊசி போடுபவர்களிடையே புதிய எச்ஐவி தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆக, பையன் ‘மாட்டினால் அப்பாவைக் கூப்பிட்டு அதிகாரிகள் முன்னால் உட்கார வைப்பார்கள்’ என்று நண்பனிடம் சொல்லலாம். நம்மூரில் அது சிறையைவிடப் பெரிய பயம்.

2021இல் நம் மத்திய சமூக நீதித் துறையே, சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அதன் பிறகும் சட்டம் மாறவில்லை.

லாஸ்பேட்டை டீச்சர்

போர்ச்சுகலைச் சொல்பவர்கள் ஓரிகனைச் சொல்வதில்லை. அமெரிக்காவின் அந்த மாநிலம் 2020இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, சிறு அளவுக்கு நூறு டாலர் அபராதச் சீட்டு மட்டும் என்று 2021 பிப்ரவரியில் மாற்றியது. உதவி எண்ணுக்குப் பேசினால் அபராதமும் தள்ளுபடி. பேசியவர்கள் மிகச் சொற்பம். தெருவிலேயே ஊசி போட ஆரம்பித்தார்கள். 2024இல் அதே மாநிலம் மறுபடி குற்றமாக்கியது.

கோரிமேடு செவிலி

அதே நேரத்தில் அங்கே ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலி மருந்து போதையாகப் பரவியதும் ஒரு காரணம், டீச்சர். ஆனால் நீங்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. அவர்கள் கதவைத் திறந்துவிட்டுப் படுக்கைகளைப் பிறகு தேடினார்கள். போர்ச்சுகல் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துகொண்டே சட்டத்தை மாற்றியது. நம் மாவட்டங்களில் இன்று மாற்றினால் நாம் ஓரிகன்தான் ஆவோம்.

பண்ருட்டி அக்கா

இத்தனை நாள் இந்தக் களத்தில் படிப்பேன், எழுத மாட்டேன். இன்று எழுதுகிறேன். என் தங்கை மகன் மாத்திரை ஊசிதான் போடுகிறான். வயது பத்தொன்பது. முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய்த் தங்கை சம்பாதிக்கும் காசு மருந்துக்கடைக்காரனுக்குப் போகிறது.

போலீசிடம் நாங்களே போய்ப் பிடித்துக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தோம். உள்ளே இருந்தால் உயிரோடாவது இருப்பான் என்று தங்கை சொன்னாள். பெற்றவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறது பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். பார்க்கப் போனபோது முதுகில் தடி பட்ட தடம். கேட்டதற்கு ‘அடங்க வேண்டாமா அம்மா’ என்றார்கள். அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம், வந்த வாரமே மறுபடி ஊசி.

சிறை என்கிறீர்கள், சிகிச்சை என்கிறீர்கள். எங்களுக்குக் கிடைத்த சிகிச்சையும் சிறைதான். அவன் மேல் இன்னும் வழக்கு இல்லை. இப்போது அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களா? எங்கே போவது?

கோரிமேடு செவிலி

அக்கா, போதைப் பழக்கத்துக்காகச் சிகிச்சைக்கு வருபவனைப் பிடித்துக் கொடுப்பது மருத்துவமனையின் வேலை அல்ல. பயப்படாமல் வாருங்கள். இங்கே கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள், கூட்டம் அதிகம். அதற்குள் பேச வேண்டுமானால் 14446 என்ற கட்டணமில்லா எண் போதைப் பழக்க உதவிக்கென்றே இருக்கிறது.

ஊசியை அவனாகவே ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று படாதபாடு படுவான், தாங்காமல் மறுபடி போவான். இந்த வகை மருந்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாற்று மாத்திரை இருக்கிறது, மருத்துவர் பார்த்துக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். கை வீங்கியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ மனநலப் பிரிவுக்குக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் சம்மதிக்கச் சொல்லுங்கள்.

கச்சேரி வழக்குரைஞர்

அக்கா, முதல் நாள் புறநோயாளிச் சீட்டிலிருந்து ஒவ்வொரு தாளையும் நகல் எடுத்து வையுங்கள். நாளைக்கு எங்கேயாவது பிடிபட்டு வழக்கு வந்தால், பிடிபட்ட பொருள் இந்தச் சட்டத்துக்குள் வருவதாக இருந்தால், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தவன் என்று 64ஏ பிரிவில் கேட்க அந்தத் தாள்கள் வேண்டும். அடித்த மையத்தின் பணம் கட்டிய ரசீது இருந்தால் அதையும், முதுகின் புகைப்படம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். மனநலச் சட்டத்தின்படி புகார் கொடுக்க வழி உண்டு. தனிச்செய்தியில் என்னை அழையுங்கள், கட்டணம் வேண்டாம்.

சில்வர் பீச் காற்று

அக்கா, பண்ருட்டியிலிருந்து கோரிமேடு வர வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள். நான் ஓட்டி வருகிறேன்.

லாஸ்பேட்டை டீச்சர்

நான் புதுச்சேரியில்தான் இருக்கிறேன், புறநோயாளிச் சீட்டு வாங்க அதிகாலையில் நானே வரிசையில் நிற்கிறேன். உங்கள் தங்கை பையனோடு நிதானமாக வரட்டும்.

இதைப் படித்துவிட்டு நான் மாறிவிட்டேன் என்று வழக்குரைஞர் நினைக்க வேண்டாம். ஒரு பெரிய அரசு மருத்துவமனை, ஒரு தொலைபேசி எண், மீதி இடமெல்லாம் தடியோடு நிற்கும் தனியார் மையம். இதை வைத்துக்கொண்டு சட்டத்தைத் தளர்த்துங்கள் என்றால் என் பதில் ‘கூடாது’ என்பதுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் படுக்கை வரட்டும், தனியார் மையங்களுக்குள் யாராவது நுழைந்து சோதிக்கட்டும், அப்புறம் 27ஆம் பிரிவைப் பற்றிப் பேச வருகிறேன்.

மஞ்சக்குப்பம் மாணிக்கம்

வரிசையில் எது முன், எது பின் என்பதில்தான் நமக்குள் தகராறு என்றால், எனக்கும் உங்களுக்கும் தூரம் குறைவுதான் டீச்சர். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், பரவாயில்லை.

கடலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புக்கென்று எத்தனை படுக்கைகள், எத்தனை மருத்துவர்கள், மாவட்டத்தில் உரிமம் பெற்ற தனியார் மையங்கள் எத்தனை, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், கடந்த மூன்றாண்டில் 64ஏ பிரிவில் எத்தனை பேர் பயன் பெற்றார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறேன். வழக்குரைஞர் வாசகத்தைத் திருத்திக் கொடுக்கட்டும். மருந்துக்கடை ஆய்வுகளையும் சேர்த்துவிடுகிறேன், நெல்லிக்குப்பம் தம்பி கேட்டது நியாயம். புதுச்சேரிக்கான மனுவை நீங்கள் எழுதுங்கள் டீச்சர்.

லாஸ்பேட்டை டீச்சர்

எழுதுகிறேன். பள்ளிகளைச் சுற்றிப் பிடிபட்ட விற்பனையாளர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் தண்டனை கிடைத்தது என்ற கேள்வியையும் சேர்ப்பேன். நீங்களும் உங்கள் பக்கம் சேருங்கள் ஐயா.

மஞ்சக்குப்பம் மாணிக்கம்

சேர்த்தாயிற்று. பதில் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.